அருகே அழைப்பதா, நறுக்கி எடுப்பதா?

(மாத்தளையில் சங்க அங்கத்தவர் முன்னிலையில் நிகழ்த்திய உரை)



ஆண்டு மலருக்குப் படம் எடுக்கும் பொறுப்பைச் சில ஆண்டுகளாக ஏற்று வருகின்ற காரணத்தால், புகைப்படக் கலையைப் பற்றி ஏதேனும் கூறுமாறு எம்மைப் பணித்துள்ளீர்கள். கலை என்று பெரிதாகப் பேச நாம் வல்லோம் அல்லோம். ஆயினும் ஒரு வினா நம் வாலிபர்களிடையே அடிக்கடி எழுகின்றது. கையடக்கமான சிறு கமராவிலே, தூரத்தில் உள்ள ஒன்றைப் பெரிதாகக் காட்ட வேண்டுமாயின், டெலிகன்வேட்டர் எனப்படும் துணைவில்லையைப் பூட்டி எடுப்பது நல்லதா, அல்லது உள்ளபடி எடுத்துவிட்டுப் பின்னர் வேண்டிய பகுதியை மட்டும் நறுக்கிக் கொள்வது நல்லதா என்பதே அவ்வினா. இதற்கு விடை காண்பதற்கு முன், எமக்கு நேர்ந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், மாசி மகத்தன்று, நமது ஸ்ரீ முத்துமாரியம்மன் கோவிலின் ஐந்து தேர்களும் வீதிக்கு வந்த வேளை. வீதியோரத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தோம். எமது கையில் இருந்தது வில்லையை மாற்ற இயலாத சிறு கமரா. தேரும், வடம் பிடிப்போரும், இருமருங்கும் நின்ற கூட்டமும் ஒரே படத்தில் அடங்கின. நல்ல படம் என்று மகிழ்ந்தோம். மலரிலும் அது வெளிவந்தது.

சில மாதங்கள் சென்றபின் தோட்டத்து இளைஞர் ஒருவர் அந்த மலரைக் கையில் எடுத்துக்கொண்டு எம்மைத் தேடி வந்தார். படத்தின் இடது ஓரத்திலே, தலைக்குமேல் கைகுவித்து நின்ற ஒரு மூதாட்டியைச் சுட்டிக்காட்டினார். “அண்ணே, இது எங்க அப்பாயி. போன கெழம தவறிப்போச்சு. அடையாள அட்டையில உள்ளத விட்டா வேற படமே இல்ல. கருமாதிக்கு வைக்க இதப் பெருசாக்கித் தர முடியுமா?” என்று கேட்டார்.

மறுக்க மனம் வரவில்லை. கணினியிலே மூலப்படத்தைத் திறந்து அந்த அம்மையாரின் முகத்தை மட்டும் நறுக்கினோம். முகத்தின் குறுக்களவு 140 புள்ளிகளே இருந்தது. அச்சிலே தெளிவு வேண்டுமாயின் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். ஆகவே தெளிவாக அச்சிட்டால் அம்முகம் அரை அங்குலத்துக்கும் குறைவு. அதைச் சுவரிலே மாட்டும் அளவுக்குப் பெருக்கினால் என்ன ஆகும்? கண் எது, நிழல் எது என்று பிரித்தறிய முடியாத மங்கலாயிற்று. அந்த இளைஞர் அதையும் பெற்றுக்கொண்டு, “இதாவது இருக்கேண்ணே” என்று சொல்லிச் சென்றார். அன்று முதல் இந்த வினா எமக்கு விளையாட்டு வினாவாக இல்லை.

இனி விடயத்துக்கு வருவோம்.

நறுக்குதல் என்பது புதிய வேலை அன்று. பிலிம் சுருள் இருந்த காலத்தில் இருட்டறையில் பெருக்கும் கருவியின் கீழே செய்ததையே இன்று கணினியில் செய்கின்றோம். அதில் இழிவும் இல்லை. 1959இல் நம் இலங்கைக்கும் வந்து சென்ற சே குவேராவின் முகத்தை உலகம் அறியும். கொர்டா என்ற கியூபப் படப்பிடிப்பாளர் 1960 மார்ச்சில் ஹவானாவில் எடுத்த அந்தப் படத்தின் மூலத்தில், ஒரு பக்கம் வேறொரு மனிதரின் முகமும் மறுபக்கம் பனையின ஓலைகளும் உள்ளன. இரண்டையும் நறுக்கிய பின்னரே நாம் அறிந்த படம் பிறந்தது. கமராவிலேயே படத்தை அமைத்துவிட வேண்டும், பின்னர் வெட்டக்கூடாது என்ற கொள்கைக்குப் பேர்போனவர் பிரெஞ்சுக்காரரான கார்ட்டியே பிரெசோன். 1932இல் பாரிஸில் தேங்கிய நீரைத் தாண்டிக் குதிக்கும் மனிதரை அவர் எடுத்த புகழ்பெற்ற படமும் நறுக்கப்பட்டதே.

ஆயினும் நறுக்குவதற்கு ஒரு கணக்கு உண்டு. பக்கத்துக்கு 1.4 மடங்கு பெரிதாக வேண்டும் என்று நறுக்கினால், நீளத்திலும் குறைகின்றது, அகலத்திலும் குறைகின்றது. ஆகவே மொத்தப் புள்ளிகளில் பாதி போய்விடும். இரண்டு மடங்கு வேண்டுமென்றால் காற்பங்கே மிஞ்சும். எமது கமரா 12 மெகாபிக்சல், அதாவது 1 கோடி 20 இலட்சம் புள்ளிகளைத் தருவது. 1.4 மடங்குக்கு நறுக்கினால் 60 இலட்சம். இரண்டு மடங்குக்கு 30 இலட்சம். ஏ4 அளவுள்ள முழுப்பக்கத்தைத் தெளிவாக நிரப்ப ஏறத்தாழ 87 இலட்சம் வேண்டும். அரைப்பக்கத்துக்கு 43 இலட்சம். காற்பக்கத்துக்கு 22 இலட்சம் போதும். எனவே இரண்டு மடங்கு நறுக்கிய எமது படம் காற்பக்கத்துக்கு ஏற்கும், அரைப்பக்கத்துக்கு ஏற்காது. 40 மெகாபிக்சல் தரும் புதிய கமரா வைத்திருப்பவர் பாதியை நறுக்கினாலும் 2 கோடி மிஞ்சும். அவருக்கு முழுப்பக்கத்துக்கும் கவலை இல்லை. “சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்” என்று நம் முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

ஓர் எச்சரிக்கை. சில கமராக்களில் ‘டிஜிட்டல் டெலிகன்வேட்டர்’ என்று ஒரு வசதி இருக்கும். பெயரைக் கண்டு மயங்கற்க! அது கண்ணாடி வில்லை அன்று. கமராவே நறுக்கி, இல்லாத புள்ளிகளை அக்கம்பக்கம் பார்த்து ஊகித்து நிரப்புவதே ஆகும்.

மெய்யான துணைவில்லைக்கு வருவோம். வில்லையை மாற்றக்கூடிய பெரிய கமராக்களிலே, டெலிகன்வேட்டர் வில்லைக்கும் கமராவுக்கும் இடையே பொருந்தும். அங்கே 1.4 மடங்குக் கருவி வரும் ஒளியைப் பாதியாக்கும். இரண்டு மடங்குக் கருவி காற்பங்காக்கும். சிறு கமராவில் அது வில்லையின் முன்னே திருகிப் பூட்டப்படுவது. இங்கே அத்தகைய ஒளிநட்டம் இல்லை. ஃபியூஜிஃபில்ம் நிறுவனத்தின் எக்ஸ்100 வரிசைக் கமராக்களுக்கென்று செய்யப்பட்ட 1.4 மடங்குத் துணைவில்லை, 35 மில்லிமீற்றருக்கு இணையான பார்வையை 50 மில்லிமீற்றருக்கு இணையாக்குகின்றது. புள்ளி ஒன்றும் குறைவதில்லை. முகப்புக் கண்ணாடி பெரிதாதலால், நாம் வேண்டும் பொருளிலிருந்து அதிக ஒளியையும் திரட்டுகின்றது. மாலையில், மங்கல் ஒளியில், நறுக்கிய படத்திலே மணல் தூவியது போலத் தோன்றும் கரகரப்பு இதிலே குறைவு. பின்னணியும் சற்றுக் கூடுதலாக மங்கி, முகம் எடுப்பாகத் தெரியும்.

குறைகளும் உண்டு. பாரம் கூடும், சட்டைப்பையில் அடங்கிய கமரா அடங்காது போகும். மலிவான துணைவில்லையாயின் ஓரங்கள் குழையும். வெண்மையும் கருமையும் சந்திக்கும் விளிம்பிலே ஊதாக் கோடு படியும். பார்வையைக் கூட்டிக் குறைக்கும் வகைக் கமராவில், அகன்ற பார்வையில் வைத்து இதைப் பூட்டினால் நான்கு மூலையும் இருளும். தூரப் பார்வையிலேயே இதைப் பயன்படுத்தல் வேண்டும். நம் மலைப்பிரதேசத்து ஈரத்தில் வில்லைகளிலே பூஞ்சணம் பிடிப்பதும் எளிது. காக்க வேண்டிய கண்ணாடி ஒன்றுக்கு இரண்டாகின்றது.

இன்னொரு தவறான எண்ணத்தையும் நீக்கிவிடுவோம். துணைவில்லை பூட்டினால் தூரத்துப் பொருள்கள் ஒன்றோடொன்று நெருங்கித் தோன்றும், நறுக்கினால் அவ்வாறு தோன்றா என்பர் சிலர். அது சரியன்று. பிதுரங்கலைக் குன்றின் மேல் நின்று சீகிரியாவைப் பாருங்கள். துணைவில்லையோடு ஒன்று, இல்லாமல் ஒன்று எடுத்து, இரண்டாவதை நறுக்கி அருகருகே வையுங்கள். குன்றும் காடும் பின்னுள்ள மலைகளும் இரண்டிலும் ஒரே ஒழுங்கில் நிற்கும். பொருள்களின் ஒழுங்கை மாற்றுவது நாம் நிற்கும் இடமே. வேறுபடுவது நுணுக்கம் ஒன்றுதான். நண்பகல் வெப்பக் காற்று அலையும்போது அந்த நுணுக்கத்தையும் எந்த வில்லையாலும் பெற முடியாது, காலையில் செல்லுங்கள்.

அப்படியாயின், அன்று துணைவில்லை பூட்டியிருந்தால் அந்த அப்பாயியின் முகம் தெளிந்திருக்குமா? இவ்வினாவை நாம் பலமுறை எம்மையே கேட்டோம். கணக்கைப் பாருங்கள். 140 புள்ளி 196 ஆகியிருக்கும், அவ்வளவே. சுவர்ப்படத்துக்கு அதுவும் போதாது. அதைவிடப் பெரிய உண்மை ஒன்று உண்டு. 1.4 மடங்குத் துணைவில்லை பூட்டினால், படத்தின் இடப்புறமும் வலப்புறமும் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு வீதம் மறைந்துவிடும். அந்த அம்மையார் நின்றது ஓரத்திலே. துணைவில்லை பூட்டியிருந்தால், மங்கலாக அன்று, அவர் அப்படத்திலே இருந்திருக்கவே மாட்டார்!

இதுவே நாம் கண்டறிந்த விடை. இருவழியிலும் மீளாத இழப்பு ஒன்று உண்டு. துணைவில்லை, தன் பார்வைக்கு வெளியே நின்றவரை என்றைக்கும் விட்டுவிடுகின்றது. நறுக்குதல், அன்று பதியாத நுணுக்கத்தை என்றைக்கும் தர மாட்டாது. எதை இழக்கச் சம்மதிக்கின்றோம் என்பதைப் படம் எடுக்குமுன் தீர்மானித்தல் வேண்டும்.

1983 ஜூலைக் கலவரத்திலே நம் கோவிலின் பழைய தேர்கள் தீக்கிரையாயின. அவற்றை இன்று பழைய படங்களிலேதான் காண முடியும். அத்தகைய படமொன்றில் முன்னோர் தேரை மட்டும் நெருக்கி எடுத்திருந்தால், வடம் பிடித்தவர் யார், கடைவீதி எப்படி இருந்தது என்பதை எவ்வாறு அறிவோம்?

ஆகையால் வாலிப நண்பர்களே, திருவிழாவிலும் கூட்டங்களிலும் முதலில் துணைவில்லை இன்றி, அகலமாக, அனைவரும் அடங்க ஒரு படம் எடுங்கள். நறுக்கினாலும் மூலத்தை அழிக்காமல் தனியே பாதுகாத்து வையுங்கள். மேடையில் பேசுபவர், கோபுரத்துச் சிற்பம், நக்கிள்ஸ் மலைக்காட்டுப் பறவை என, அருகே செல்ல இயலாததும் இன்னது வேண்டும் என்று முன்னரே தெரிந்ததுமான பொருளுக்குத் துணைவில்லையைப் பூட்டுங்கள். பெரிதாக அச்சிடுவதாயின் அதுவே சிறந்தது. மலரின் காற்பக்கத்துக்கோ, கைபேசியில் பார்ப்பதற்கோ என்றால் நறுக்கினாலே போதும். பணத்தை வீணாக்க வேண்டாம்.

இவ்விரண்டினும் சிறந்த மூன்றாம் வழி ஒன்று உண்டு. அதற்குக் காசு செலவில்லை. நடந்து அருகே செல்லுங்கள். தூரம் நான்கில் ஒன்றானால் முகம் நான்கு மடங்கு பெரிதாகும். அன்று அந்த அம்மையார் எமக்குச் சில பத்து அடி தூரத்திலேதான் நின்றார். அருகே சென்று, “ஆச்சி, ஒரு படம் எடுக்கட்டுமா?” என்று கேட்க எமக்குத் தோன்றவில்லை. எமது கண் தேரின் மேலேயே இருந்தது.

இப்பொழுது ஒவ்வொரு மாசி மகத்திலும், தேர் நிலைக்கு வந்தபின், தோட்டங்களிலிருந்து வரும் முதியோரிடம் சென்று, கேட்டு, அருகிருந்து ஒவ்வொரு படம் எடுத்து, ஓர் அச்சுப்பிரதியை அவர்கள் வீட்டுக்கே கொடுத்து வருகின்றோம். இந்தப் பணிக்கு நாம் இருவர் மூவர் போதாது. கமராவோ கைபேசியோ உள்ள வாலிபர் ஒவ்வொருவரும் முன்வர வேண்டும் என்று வேண்டுகின்றோம்.