நம்மைச் சேர்க்காத பரீட்சை

(திண்டிவனம் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



மருந்துப் பரீட்சை என்ற பேச்சை எடுத்த மாத்திரத்தில், "ஏழைகளை எலிகளாக்குகிறார்கள்!" என்று முழங்குவது நம் மேடைகளின் சம்பிரதாயமாகிவிட்டது. அந்த முழக்கத்தில் நியாயமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஏழைகளை ஒதுக்கிவிட்டு நடத்துகிற பரீட்சையும் ஏழைகளுக்கு இழைக்கும் அநீதியே என்பதையும், அது ஓசையின்றி நடப்பதால் அதைக் கண்டிக்க எந்த மேடையும் முன்வருவதில்லை என்பதையும் வாதிக்கவே எழுந்திருக்கிறேன்.

பி.சி.ஜி. தடுப்பூசியின் சரித்திரத்தைப் பாருங்கள். 1950இல் தொடங்கி, இங்கிலாந்தில் பள்ளிப் படிப்பை முடிக்கும் தறுவாயிலிருந்த பிள்ளைகளிடம் அதைப் பரீட்சித்தவர்கள், காசநோயை நூற்றுக்கு 75க்கு மேல் அது தடுப்பதாகக் கண்டார்கள். சீமையில் பலித்தது இங்கும் பலிக்கும் என்று நம்பி வாளாவிருந்திருக்கலாம். அப்படி இராமல், 1968 முதல் 1971 வரை, நமக்கு அண்டையிலிருந்த செங்கற்பட்டு ஜில்லாவில், திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமங்களில் 2,50,000க்கும் மேற்பட்டோரைச் சேர்த்து, ஒரு சாராருக்குத் தடுப்பூசியும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத ஊசியும் போட்டு, 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசத்தை அது தடுக்கவில்லை என்பதே கண்ட முடிவு! குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வகைக் காசத்திலிருந்து காப்பதால் இன்றும் போடுகிறோம். அது வேறு விஷயம். நம் ஜனங்கள் சட்டைக் கையை மடித்து அந்தப் பரீட்சைக்கு உட்படாதிருந்தால், சீமைப் பிள்ளைகளின் சரீரம் தந்த பதிலையே நமக்கும் பதிலாக எண்ணி ஏமாந்திருப்போம்.

இதற்கு முன்பே, 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய்ச் சிகிச்சை நிலையத்தில், 193 நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மற்றவர்களை அவர்களுடைய நெருக்கடியான வீடுகளிலுமே வைத்து வைத்தியம் செய்தார்கள். நல்ல காற்றும் பாலும் முட்டையுமின்றிக் காசம் தீராதென்ற பழைய அபிப்பிராயம் அந்த ஏழை வீடுகளில்தான் தகர்ந்தது. வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடும் இன்றைய முறையை உலகத்துக்கு நிரூபித்துக் கொடுத்தவர்கள் அந்தச் சென்னைவாசிகளே. அவர்களுக்கு யாரும் சிலை வைக்கவில்லை.

இப்பொழுது நம் விழுப்புரம் ஜில்லாவுக்கு வருவோம். யானைக்கால் நோயின் நுண்புழு பகலெல்லாம் உடலின் உட்புறத்தில் ஒளிந்திருந்து, இரவிலேதான் மேலோட்டமான இரத்தத்துக்கு வரும். ஆகவே அதை ஆராய்ந்தவர்கள், வேலைக்குப் போனவர்களெல்லாம் திரும்பி, சாப்பிட்டுப் பாய் விரிக்கிற வேளையில் விளக்கும் கையுமாகத் தெருத்தெருவாக வந்து, திண்ணையிலேயே விரல் நுனியைக் குத்தி, கண்ணாடித் துண்டில் இரத்தத்தைத் தடவிச் சென்றார்கள். கூலியாளும் அகப்பட்டான், அவன் மனைவியும் அகப்பட்டாள். இது ஆராய்ச்சியாளரின் கருணையன்று, புழுவின் கட்டாயம்!

சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் அப்படிக் கட்டாயப்படுத்தப் புழு இல்லை. எனவே பரீட்சைக்கு ஆள் சேர்க்கும் அறிவிப்பு ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டப்படுகிறது; காலை பத்து மணிக்கு வரச் சொல்கிறார்கள். பத்து மணிக்கு யார் வருவார்? பென்ஷன்காரர் வருவார். விடியுமுன் மரக்காணம் உப்பளத்தில் இறங்கியவள் வருவாளா? கரும்பு வெட்டுகிறவன் ஒருநாள் கூலியை விட்டு வருவானா? பிறகு, "கிராமத்தார் ஒத்துழைப்பதில்லை" என்று அறிக்கை எழுதுகிறார்கள்! வெயிலில் தினமும் வற்றும் உடம்புக்கு எந்த மாத்திரை எவ்வளவு பொருந்தும் என்பதை நிழலில் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியுமா?

எலி என்று முழங்கும் நண்பர்களுக்கும் பதில் சொல்லவேண்டும். 2009இல் ஆந்திரத்துக் கம்மம் ஜில்லாவில் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆராய்ச்சியில் சிறுமிகளைச் சேர்த்தபோது, பெற்றோரின் சம்மதத்துக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே பலருக்குக் கையெழுத்திட்டார்கள். மறு ஆண்டு அது நிறுத்தப்பட்டது, 2013இல் பாராளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது. நியாயமான கண்டனம். ஆனால் அதைக் காட்டி எந்த ஆராய்ச்சியும் ஊருக்குள் வரக்கூடாது என்பது, கள்ள ஓட்டுக்குப் பயந்து தேர்தலையே வேண்டாம் என்பதற்கு ஒப்பாகும்.

நாம் கேட்கவேண்டியவை வேறு. மாலையில் வாருங்கள், போன கூலியைக் கொடுங்கள், படித்துக் காட்டும் சம்மதப் பத்திரம் எங்கள் தமிழில் இருக்கட்டும், பாதியில் விலகினால் வைத்தியம் மறுக்கப்படாது என்று சபையறியச் சொல்லுங்கள், கண்ட முடிவை அதே தெருவுக்கு வந்து தெரிவியுங்கள். இன்னொன்று: 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, பரீட்சைக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில் சாமானியர் ஒருவர் கட்டாயம் இருக்கவேண்டும். அந்த நாற்காலியில் ஓய்வுபெற்ற அதிகாரிகளையே உட்கார்த்திவைத்தது போதும். இந்த ஜில்லாவில் நடக்கும் அடுத்த பரீட்சைக்கு அதில் மரக்காணத்து உப்பளத் தொழிலாளி ஒருத்தி உட்காரவேண்டும் என்ற தீர்மானத்தை இக்கூட்டத்தின் முன் பிரேரேபிக்கிறேன்.