மங்கிய கண்ணும் தமிழ்ப் பக்கமும்

சுவடியில் முடங்கிக் கிடந்ததைப் பலரும் படிக்கும்படி செய்த ஊர் மைசூரு. தஞ்சைப் பண்டிதர் ஒருவர் தந்த கிரந்த எழுத்துச் சுவடியில் அர்த்தசாஸ்திரத்தை 1905-இல் இனங்கண்டு, 1909-இல் அச்சேற்றினார் இவ்வூர் நூலகர் ஆர். சாமாசாஸ்திரி. 1969-இல் இங்கே தொடங்கிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம், 2016-இல் பாரதவாணித் தளம் வழியாகப் பல மொழி அகராதிகளை இணையத்தில் ஏற்றியது. ஏற்றிய எழுத்தை மங்கிய கண்ணால் படிக்க முடிகிறதா என்பதே இக்கருத்தரங்கின் முன்னுள்ள கேள்வி.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபார்வையை அளந்தே சொல்கிறது. கண்ணாடி அணிந்த பிறகும், இரண்டில் நல்ல கண்ணின் பார்வை 6/18-க்கும் 3/60-க்கும் இடையே இருக்க வேண்டும். அல்லது பார்வைப் புலம் 40 பாகைக்கும் 10 பாகைக்கும் இடையே சுருங்கியிருக்க வேண்டும். இவர்கள் கண்ணால் படிப்பவர்கள். ஆனால் பல தளங்கள் இரண்டு வகையினரை மட்டுமே நினைத்துக் கட்டப்படுகின்றன: நன்றாகப் பார்ப்பவர், திரைவாசிப்பான் கொண்டு கேட்பவர்.

குறைபார்வையும் ஒரே மாதிரியானதல்ல. விழித்திரையின் நடுப்பகுதி பழுதானவருக்கு எழுத்து பெரிதாக வேண்டும். பக்கப் பார்வை சுருங்கிக் குழாய் வழியே பார்ப்பதுபோல் ஆனவருக்கோ, எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு பார்வையில் ஓரிரு எழுத்துகளே அகப்படும். வலது மூலையில் தோன்றி மறையும் அறிவிப்பு அவர் கண்ணில் படவே படாது. நிறமிக் குறைபாடு உள்ளவருக்கு வெள்ளைப் பின்னணி கூசும். ஆகவே எல்லோருக்கும் பொருந்தும் ஒரு வடிவமைப்பைத் தேடுவது வீண். படிப்பவர் மாற்ற நினைத்தால் மாறிக்கொடுக்கும் பக்கம்தான் தேவை.

உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் அணுகல் வழிகாட்டி இதற்குச் சில எண்களைத் தருகிறது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5:1 நிறவேறுபாடு வேண்டும். வெள்ளைப் பின்னணியில் 767676 என்ற குறியீடுள்ள சாம்பல் நிறம் 4.54 பெற்றுத் தேறுகிறது. 777777 என்பது 4.48-இல் நின்று தவறுகிறது. 2018-இல் வந்த 2.1 பதிப்பு இன்னும் முக்கியமான ஒன்றைச் சேர்த்தது. 1280 பிக்சல் அகலத் திரையில் பக்கத்தை 400 விழுக்காடு பெருக்கினாலும் வரிகள் 320 பிக்சல் அகலத்துக்குள் தாமாக மடங்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் திரையை இடவலமாக இழுத்துக்கொண்டிருக்கக் கூடாது. படமாக வருடி ஏற்றிய புத்தகப் பக்கம் இங்கேதான் தோற்கிறது. பெரிதாக்கலாம், மடங்காது.

இந்த எண்களைத் தமிழுக்கு அப்படியே எடுத்துக்கொண்டால் போதாது. ஆங்கிலத்தில் 'ஐ' எழுத்தின் மேற்புள்ளி மங்கினால் பெரிய நட்டமில்லை. தமிழில் புள்ளி மறைந்தால் 'பல்' 'பல' ஆகிவிடும்; கொம்பின் சுழி தெளியாவிட்டால் 'கொள்' எது, 'கோள்' எது என்று தெரியாது. 16 பிக்சல் எழுத்தில் புள்ளிக்குக் கிடைப்பது ஓரிரு பிக்சல்தான். நிறவேறுபாட்டுச் சூத்திரம் நிறத்தை அளக்கிறதே தவிர, கோட்டின் மெலிவை அளப்பதில்லை. மெல்லிய எழுத்துருவில் அமைந்த தமிழ்ப் பக்கம் 4.5 பெற்றும் படிக்க முடியாமல் போகலாம்.

சொல்லின் நீளம் அடுத்த இடர். 'மாற்றுத்திறனாளிகளுக்கான' என்பது 13 எழுத்து. 32 பிக்சல் தலைப்பாக வைத்து 400 விழுக்காடு பெருக்கினால், 320 பிக்சல் அகலத்துக்குள் அது அடங்காது. யாருக்கான திட்டமோ, அவர் பெயரே திரையின் விளிம்பில் அறுபடும். உடைத்தாலும் மரபறிந்து உடைக்க வேண்டும்: புள்ளி எழுத்தில் அடுத்த வரி தொடங்கக் கூடாது. மேலே விசிறியும் கீழே இறங்கும் கோடும் கொண்ட எழுத்துகளுக்கு வரியிடைவெளியும் தாராளமாக வேண்டும்.

மினசோட்டாப் பல்கலைக்கழகத்தின் கார்டன் லெக், தாமே குறைபார்வை உடையவர். எழுத்து எந்த அளவுக்குக் கீழே போனால் வாசிப்பு வேகம் சரிகிறது என்பதைத் தம் வாசிப்பு அட்டைகளால் அளந்து காட்டியவர். தமிழ்த் திரைக்கும் அந்த அளவை, கண் மங்கிய தமிழ் வாசகர்களை உட்கார்த்திவைத்துக் காண வேண்டும். எழுத்துரு வரைவோர், கண் மருத்துவர், மொழியியலார் மூவரும் கூடிச் செய்ய வேண்டிய வேலை அது.

சட்டம் முன்னே போய்விட்டது. ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று, அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக நிற்கக் கூடாது, கட்டாயமாக வேண்டும் என்றது. 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில் நீதிபதி ஆர். மகாதேவன் எழுதிய தீர்ப்பு, எண்ணிம வசதிகளை அணுகுவதை அரசமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையோடு சேர்த்தது.

கட்டுரையாளர்களுக்குத் தலைமையின் வேண்டுகோள் ஒன்று. இந்தக் கருத்தரங்கின் கட்டுரைகள் வருடிய படங்களாக வெளிவர வேண்டாம். யூனிகோடு எழுத்தில், பெருக்கினால் மடங்கும் பக்கங்களாகவே வரட்டும். வெளியிடுமுன் குறைபார்வை உள்ள வாசகர்கள் அவற்றைப் படித்துப் பார்த்துத் திருத்தம் சொல்லட்டும்.