திரைப்பட விழாவுக்கு ஒரு கால அட்டவணை

ஆண்டுத் தொடக்கத்தில் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு வந்து சேரும் முதல் வேலை கால அட்டவணை போடுவதுதான். எந்த வகுப்புக்கு எந்தப் பாடம், எத்தனை மணிக்கு, யார் நடத்துவது என்று ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டு நிரப்ப வேண்டும். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்தவற்றில் பாதி மறந்துபோயிற்று. ஆனால் ஒரு விரிவுரையாளர் சொன்ன சொல் மட்டும் மறக்கவில்லை. "கணக்குப் பாடத்தைக் கடைசி வேளையில் போடாதீர்கள். பிள்ளை களைத்திருக்கும் நேரத்தில் கனமான பாடத்தைக் கொடுத்துவிட்டுப் பிள்ளைக்கு மூளையில்லை என்று சொல்லாதீர்கள்" என்பார் அவர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவர் சொன்னபடியேதான் செய்து வருகிறோம். அப்படிப்பட்ட நாங்கள், சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு திரைப்பட விழாவுக்கு எங்கள் குடும்பத்துக்கென்று அட்டவணை போட்டபோது, அந்தக் கணக்குப் பாடத்தைக் கடைசி வேளையில்தான் போட்டோம்.

அதைச் சொல்லுமுன், திரைப்பட விழா என்றால் என்ன என்று நேயர்களில் சிலர் கேட்கலாம். திரையரங்கில் அன்றாடம் படம் ஓடத்தானே செய்கிறது, அதற்கு விழா எதற்கு என்பது நியாயமான கேள்விதான். தீபாவளிக்கு வருகிற பெரிய படம் நாள் ஒன்றுக்கு ஐந்து காட்சி, ஆறு காட்சி என்று இரண்டு மூன்று வாரம் ஓடும். இன்று தவறினால் நாளை பார்க்கலாம். விழாவுக்கு வரும் படம் அப்படியன்று. பெரும்பாலும் ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறைதான் திரையிடுவார்கள். பிறகு பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடும். அதிலும் குறும்படம், ஆவணப்படம் ஆகியவை வணிகத் திரையரங்குக்கு வருவது அபூர்வம். இந்த ஒரு வேற்றுமையை மனத்தில் வைத்துக்கொண்டால் அட்டவணை போடுவதில் பாதி வேலை முடிந்தது.

கோலாலம்பூருக்கு இது புதிய பழக்கமும் அல்ல. 1959-ஆம் ஆண்டிலேயே ஆசியத் திரைப்பட விழா இங்கே நடந்திருக்கிறது. பி. ரம்லியின் 'பெண்டேக்கார் பூஜாங் லாப்போக்' அந்த விழாவில்தான் சிறந்த நகைச்சுவைப் படமாகப் பரிசு பெற்றது. அதே ரம்லியை 1950-ல் 'பக்தி' என்ற மலாய்ப் படத்தில் முதன்முறையாகக் கதாநாயகனாக்கியவர் எல். கிருஷ்ணன் என்ற தமிழர். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள்! அண்மைக் காலத்தில், 2003 முதல் மனித உரிமை பற்றிய ஆவணப்படங்களுக்கென்றே ஃப்ரீடம் ஃபிலிம் ஃபெஸ்ட் என்ற விழா நடந்து வருகிறது. பெட்டாலிங் ஜெயாவில் அது பலமுறை நடந்திருக்கிறது. 2017-ல் மலேசிய அனைத்துலகத் திரைப்பட விழா தொடங்கியது. இவை தவிர ஐரோப்பிய ஒன்றியத்தின் திரைப்பட விழாவும் ஜப்பானியத் திரைப்பட விழாவும் உண்டு. ஆகவே கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு, மனம் வைத்தால், உலகத்துப் படங்களைப் பார்க்க வழி இருக்கிறது. நமக்குத் தட்டுப்பாடு நேரத்துக்குத்தான்.

இப்போது எங்கள் கதைக்கு வருகிறோம்.

நாங்கள் வேலை பார்ப்பது கிள்ளானுக்கு அப்பால் உள்ள ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில். எங்கள் அம்மா முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டபோது அவருடைய வேலை போயிற்று. சில ஆண்டுகளில் லயத்து வீடும் போயிற்று. அந்த ஆண்டு விழாவின் நிகழ்ச்சிப் புத்தகத்தில் ஓர் ஆவணப்படம் இருந்தது. நாற்பது நிமிடப் படம். தோட்டத்தைவிட்டு வெளியேறச் சொல்லப்பட்ட பழைய தொழிலாளர்களைப் பற்றியது. அம்மாவிடம் சொன்னோம். "நம்ம தோட்டத்த படம் புடிச்சிருக்காங்களா?" என்று கேட்டார். நம் தோட்டம் அல்ல, ஆனால் நம்மைப் போன்ற தோட்டம் என்றோம். பல ஆண்டுகளாகத் திரையரங்கின் வாசலை மிதிக்காதவர், உடனே பெட்டியைத் திறந்து சேலை எடுத்து வைத்துவிட்டார்.

அது ஒரு சனிக்கிழமை. அவ்வளவு தூரம் போகிறோமே, ஒரு படத்துக்காக மட்டுமா போவது? இந்த எண்ணந்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். வெளிநாடுகளில் பரிசு வாங்கிய படங்களாகப் பார்த்துக் காலை 11 மணிக்கு ஒன்று, பிற்பகல் 2 மணிக்கு ஒன்று, 5 மணிக்கு ஒன்று என்று வட்டம் போட்டோம். அம்மாவின் படம் இரவு 9 மணிக்கு. நாலு கட்டமும் நிரம்பியிருந்தது. தாளைப் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

நடந்ததை நேயர்களே ஊகித்திருப்பீர்கள். மூன்று அயல்மொழிப் படங்களிலும் கீழே ஆங்கில எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு அது எட்டாது. காதோடு காதாகச் சொன்னால் முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்க்கிறார். இரண்டாவது படம் சொன்ன நேரத்துக்கு முடியவில்லை, ஆகவே சாப்பாட்டுக்கும் நேரமில்லை. சோளப்பொரிதான் மதிய உணவு. சர்க்கரை நோய் உள்ளவரை அப்படி வைத்திருந்தது எங்கள் அறியாமை. மாலையில் பார்த்தால் அம்மாவுக்குக் கால் வீங்கியிருந்தது. 9 மணிப் படத்துக்கு முன்னால் வரவேற்புரை, இயக்குநர் அறிமுகம் எல்லாம் முடிந்து, படம் தொடங்கியபோது மணி ஒன்பதரை. இருபது நிமிடம் அம்மா அசையாமல் பார்த்தார். திரையில் ஒரு மூதாட்டி, சீவாமல் விட்ட மரத்தின் பட்டையைத் தடவிப் பார்த்தபோது அம்மாவின் கையும் நாற்காலியின் கைப்பிடியைத் தடவியது. அதன் பிறகு தலை சுற்றுகிறது என்றார். கைத்தாங்கலாக வெளியே அழைத்து வந்தோம்.

கொமுட்டரில் திரும்பும்போது சுபாங் ஜெயாவரை ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தப் பொம்பளைக்குக் கடைசியில வீடு கெடச்சுதாப்பா?" என்று கேட்டார்.

எங்களுக்குத் தெரியவில்லை. அந்தப் படம் அதன்பின் எந்தத் திரையரங்கிலும் எங்கள் கண்ணில் படவில்லை. இரண்டாவதாகப் பார்த்த ஐரோப்பியப் படமோ, நாலே மாதத்தில் வீட்டுத் தொலைக்காட்சியிலேயே வந்துவிட்டது.

அன்றிலிருந்து நாங்கள் அட்டவணை போடும் முறை மாறியது. நிகழ்ச்சிப் புத்தகம் கைக்கு வந்ததும் எது நல்ல படம் என்று தேடுவதில்லை. எது திரும்பி வராது என்றுதான் முதலில் தேடுகிறோம். விநியோகஸ்தர் வாங்கிவிட்ட படம், பெரிய நட்சத்திரம் நடித்த படம், எங்கும் பரிசு பெற்று எல்லோரும் பேசும் படம் ஆகியவை எப்படியும் ஒருநாள் நம்மைத் தேடி வரும். உள்ளூர் இளைஞர்கள் எடுத்த குறும்படம், நம் மக்களைப் பற்றிய ஆவணப்படம், பழைய படத்தின் மறுதிரையிடல் இவை வருவது ஐயம். அவற்றில் ஒன்றை எடுத்து நாளின் நடுவில் நட்டுவிட வேண்டும். நடுவீட்டில் தூண் நடுவதைப் போல. மற்றவை அதைச் சுற்றித்தான் வர வேண்டும், இடம் இருந்தால்.

அந்தப் படமே இரவு 9 மணிக்கு இருந்தால் என்ன செய்வது? அப்படியானால் அன்றைக்குப் பகலில் வேறு படமே வேண்டாம். மாலையில் புறப்பட்டுப் போனால் போதும். காசு கொடுத்து ரயில் ஏறிப்போய் ஒரே படமா என்று மனம் அடித்துக்கொள்ளும். அடித்துக்கொள்ளட்டும்.

நேரத்தால் ஒரு படத்துக்கு நேரும் கேடு சாதாரணமானதன்று. 1956-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் கான் விழாவுக்குச் சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' போயிருந்தது. அதைத் திரையிட்ட வேளையில் நடுவர்களில் பலர் அரங்கத்துக்கே வரவில்லை. படத்தின் அருமை தெரிந்த விமர்சகர்கள் சிலர் விடாமல் வற்புறுத்தியதால் மீண்டும் ஒருமுறை திரையிட்டார்கள். பிறகுதான் சிறந்த மனித ஆவணம் என்ற பரிசு அதற்குக் கிடைத்தது. நடுவர்களுக்கே இந்தக் கதி என்றால், கிள்ளானிலிருந்து அம்மாவை அழைத்துக்கொண்டு போகிற நம்மைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நமக்காக யாரும் மறுபடி திரையிடப்போவதும் இல்லை.

அடுத்தது மணிக் கணக்கு. புத்தகத்தில் படத்தின் நீளம் 110 நிமிடம் என்று இருக்கும். 2 மணிக்குத் தொடங்கினால் 3.50-க்கு முடிந்துவிடும் என்று நம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூட விடை சொல்லும். விழாவில் அந்த விடை தவறு. முன்னால் பத்து நிமிடம் அறிமுகம், பின்னால் இயக்குநரோடு அரைமணி நேரக் கேள்வி பதில், கழிப்பறையில் வரிசை. ஆகவே நாலரை மணி என்று எழுதிவிடுங்கள். கேள்வி பதிலை விட்டுவிட்டு அடுத்த படத்துக்கு ஓடுபவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். எங்கள் கருத்தில் அது விருந்துக்குப் போய்ப் பாயசம் வருமுன் எழுந்திருப்பது. படம் எடுத்தவரை நேரில் கேட்கும் வாய்ப்பு விழாவில்தான் கிடைக்கிறது. அந்த மூதாட்டிக்கு வீடு கிடைத்ததா என்று அன்றைக்கு அங்கேயே எழுந்து கேட்டிருக்கலாம் அல்லவா?

பயணத்தையும் கட்டத்துக்குள் எழுத வேண்டும். கிள்ளானிலிருந்து கே.எல். சென்ட்ரலுக்குக் கொமுட்டரில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். மிட்வெலியில் விழா என்றால் அங்கிருந்து சிரம்பான் பக்கம் போகும் வண்டியில் அடுத்த நிலையம். புக்கிட் பிந்தாங் என்றால் மோனோரயில். பெட்டாலிங் ஜெயா என்றால் எல்.ஆர்.டி.யில் போய், இறங்கியபின் பெரும்பாலும் இன்னொரு வண்டி பிடிக்க வேண்டியிருக்கும். ஒரே நாளில் இரண்டு இடங்களில் படம் பார்க்கத் திட்டமிடுபவர்களுக்கு எங்கள் அனுதாபம். கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதைப் படத்தின் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். பிரிக்பீல்ட்ஸ் பக்கத்தில்தானே இருக்கிறது, இரண்டு படங்களுக்கு இடையில் ஒன்றரை மணி நேரம் விட்டால் வாழையிலைச் சோறு சாப்பிட்டுவிட்டு வரலாம். சோளப்பொரியை நாங்கள் இப்போது தொடுவதில்லை.

பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் தணிக்கை வாரியத்தின் வகைப்பாட்டைப் பார்க்க மறக்கக்கூடாது. 2023-லிருந்து யூ, பி12, 13, 16, 18 என்று ஐந்து வகை. விழாப் படந்தானே, கலைப் படந்தானே என்று கண்ணை மூடிக்கொண்டு போய்ச் சங்கடப்பட்டவர்கள் உண்டு. பிள்ளைகளுக்குக் குறும்படத் தொகுப்பு நல்லது. பத்து நிமிடத்துக்கு ஒரு கதை மாறுவதால் நெளிய மாட்டார்கள். எழுத்தை வேகமாகப் படிக்க முடியாத பெரியவர்களுக்குப் பேச்சுக் குறைந்த படமாகப் பார்த்து எடுக்கலாம். எழுத்து மிகுந்த படத்தைக் கண் தெளிவாக இருக்கும் காலையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாக் கட்டத்தையும் நிரப்பாதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். ஒரு காட்சி காலியாக இருக்கட்டும். முதல் நாள் படம் பார்த்தவர்கள் தேநீர்க் கடையில் பேசிக்கொள்வதைக் கேட்டு அதை நிரப்பலாம். அட்டவணையே கடைசி நேரத்தில் மாறுவதும் உண்டு.

நம் நாட்டுத் தமிழ்ப் படங்களைப் பற்றி ஒரு சொல். தீபக் குமாரன் மேனனின் 'செம்மண் சாலை' 2005-ல் வந்தது. அறுபதுகளின் ரப்பர் தோட்டம், படிக்க ஆசைப்படும் ஒரு பெண். அது நெதர்லாந்தின் ராட்டர்டாம் விழாவரை போய் வந்தது. அவருடைய அடுத்த படமான 'சலங்கை' பிரிக்பீல்ட்ஸ் குடும்பம் ஒன்றின் கதை. சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்', தோட்டத்தைவிட்டு வந்து புறம்போக்கில் குடியேறியவர்களின் வாழ்வைச் சொல்லி, 2016-ல் நடந்த மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. இம்மூன்றையும் எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டோம். சென்னையிலிருந்து வந்த படங்களைப் பற்றிக் கேட்டிருந்தால் எல்லாக் கையும் உயர்ந்திருக்கும். இதில் ஒரு கைதான் உயர்ந்தது. அவர்களைக் குறை சொல்லவில்லை. இந்தப் படங்களுக்கு நாமெல்லாம் கொடுத்து வந்த இடம் 9 மணி இடந்தான்.

இந்த ஆண்டும் ஒரு விழாவின் நிகழ்ச்சித் தாள் வீட்டுக்கு வந்திருக்கிறது. அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. பாயில் விரித்து வைத்துச் சிவப்புப் பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அந்தத் தோட்டத்துப் படம் திரும்ப வருதா, பாரு" என்றார். வரவில்லை. ஆனால் உள்ளூர்க் குறும்படங்கள் பகல் 2 மணிக்கு இருக்கின்றன. அதில் ஒரு வட்டம் போட்டிருக்கிறோம். அன்றைக்கு வேறு ஒன்றும் இல்லை.