முப்பத்தாறாம் கூடம்

(பங்காருபாளையத்தில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



தமிழ்ச் சங்கத்து மேடையில் ஹாங்காங் சண்டைப் படங்களைப் பற்றிப் பேச நாம் எழுந்தது கண்டு, இளைஞர் பலர் முகத்தில் மகிழ்ச்சியும் பெரியோர் சிலர் முகத்தில் சிறு வருத்தமும் தோன்றக் காண்கிறோம். “குறளும் சிலம்பும் இருக்கக் குத்தும் உதையும் எதற்கு?” என்பதே அந்த வருத்தத்தின் பொருள். வினா நியாயமானது. அதற்கு விடை கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ‘குங்ஃபூ’ என்னும் சீனச் சொல்லுக்குச் சண்டை என்பது நேர்ப்பொருள் அன்று. நெடுங்காலம் உழைத்துப் பெற்ற திறம் என்பதே அதன் பொருள். நன்றாகச் சமைப்பவரிடத்தும் அது உண்டு. நன்றாக எழுதுபவரிடத்தும் உண்டு. இப்பொருளை மனத்தில் கொண்டு பார்த்தால், அப்படங்களில் நாம் கண்டு மகிழ்வது அடியை அன்று, அந்த அடிக்குப் பின்னால் நின்ற பயிற்சியை என்பது விளங்கும்.

அப்படங்களுக்கும் நமக்கும் நெருங்கிய உறவு ஒன்று உண்டு. 1971இல் வெளிவந்த ‘தி பிக் பாஸ்’ என்னும் படத்தில் புரூஸ் லீ யார்? பிழைப்புத் தேடித் தாய்லாந்துக்குச் சென்று, பனிக்கட்டித் தொழிற்சாலையில் கூலி வேலைக்குச் சேரும் ஓர் இளைஞன். சண்டைக்குப் போவதில்லை என்று தாய்க்குக் கொடுத்த வாக்கைக் கழுத்துப் பதக்கமாக அணிந்திருப்பவன். அடுத்த ஆண்டில் அவரே எழுதி இயக்கிய ‘வே ஆஃப் தி டிராகன்’ படத்தில், உரோமாபுரியில் உணவகம் நடத்தும் தம் மக்களுக்குத் துணை நிற்க மொழி தெரியாத ஊரில் வந்து இறங்கும் நாட்டுப்புறத்தானாக வருகிறார். இரு கதைகளும் பிறந்த மண்ணை விட்டுச் சென்றோரின் கதைகள். வேறு மொழி வழங்கும் ஊரில் வீடு கட்டி, வேறு மொழியில் கடிதமும் கணக்கும் எழுதி வாழும் நம்மைப் போன்றோர்க்கு, அந்தத் திகைப்பும் அடக்கமும் விளக்கம் வேண்டாமலே புரியும்.

1972இல் வந்த ‘ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி’ படத்தில் ஷாங்காய் நகரப் பூங்கா ஒன்றின் வாயிலில், நாய்க்கும் சீனர்க்கும் அனுமதி இல்லை என்று கூறும் பலகை தொங்குகிறது. வீரன் எம்பி உதைக்கப் பலகை சிதறுகிறது. அயலார் ஆட்சியில் வாழ்ந்த எந்த நாட்டவர்க்கும், பிறப்பால் தாழ்த்தப்பட்டு வாயிலில் நிறுத்தப்பட்ட எந்த மனிதர்க்கும், அந்த ஓர் உதையின் பொருள் தெரியும். அதைக் காட்டியவர் 1973 ஜூலை 20ஆம் நாள், தம் முப்பத்திரண்டாம் வயதிலேயே மறைந்தார். அவர் புகழை உலகெங்கும் பரப்பிய ‘என்டர் தி டிராகன்’ அவர் மறைவுக்குப் பின்னரே திரைக்கு வந்தது.

இந்நடிகர்கள் வளர்ந்த முறையும் நமக்குப் புதிதன்று. ஜாக்கி சான், சாம்மோ ஹங், யுவான் பியாவ் ஆகிய மூவரும் ஹாங்காங்கில் யூ ஜிம்-யுவான் என்னும் ஆசான் நடத்திய பீக்கிங் நாடகப் பள்ளியில் சிறுவயதிலேயே சேர்க்கப்பட்டவர்கள். அங்கேயே உண்டு, அங்கேயே உறங்கி, பாட்டும் குட்டிக்கரணமும் கோலாட்டும் ஒருங்கே கற்றனர். அடியும் பட்டினியும் அங்கு உண்டு. அதை நாம் புகழவில்லை. ஆயினும் நம் நாட்டுப் பாய்ஸ் கம்பெனிகளை அறிந்தவர்க்கு இது கேட்ட கதையாகவே இருக்கும். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சிறுவனாகச் சேர்ந்த எம்.ஜி.ஆர். பின்னாளில் ‘மர்மயோகி’யிலும் ‘நாடோடி மன்ன’னிலும் வாள் சுழற்றியதும் இப்படிப்பட்ட பயிற்சியின் பயனே. இன்னும் அருகில் பார்க்கலாம். நம் சித்தூர் மாவட்டத்துத் தருமராசர் கோயில்களில் பாரத விழாக் காலத்தில் கூத்தாடும் கலைஞர் விடிய விடியக் கால் ஓயாமல் ஆடித் துரியோதனனை வீழ்த்துகிறார். அந்தக் காலும் அந்த மூச்சும் ஒரே நாளில் வந்தவை அல்ல.

இத்திறம் ஆடவர்க்கே உரியது என்று எண்ண வேண்டா. 1966இல் ‘கம் டிரிங்க் வித் மீ’ படத்தில் வாளேந்தி வந்த செங் பேய்-பேய், தாம் கற்ற நடனத்தின் அசைவையே போர் அசைவாக்கினார். தமிழரும் பெருந்தொகையினராய் வாழும் மலேசியாவின் ஈப்போ நகரில் பிறந்த மிஷேல் யோ, 1980களில் சண்டைப் படங்களில் தொடங்கி, 2023இல் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிசு பெற்றார். நம் வீட்டுப் பெண்மக்கள் இதைக் குறித்துக் கொள்க!

இனி, கேட்கச் சற்றுக் கசப்பான ஒரு செய்தி. “குங்ஃபூவே நம்முடையதுதான், காஞ்சியிலிருந்து சென்ற பல்லவ இளவரசர் போதிதருமர் கற்றுக் கொடுத்ததுதான்” என்று நம்மிற் பலர் பெருமையோடு கூறுகிறோம். 2011இல் வந்த ‘ஏழாம் அறிவு’ திரைப்படத்திற்குப் பின் அப்பெருமை மேலும் வளர்ந்தது. காஞ்சி நமக்கு அண்மையில் உள்ள ஊராதலின் நமக்கு மகிழ்ச்சி மிகுதி. ஆனால் வரலாறு கூறுவது வேறு. ஆறாம் நூற்றாண்டுச் சீனக் குறிப்பு ஒன்று போதிதருமரைப் பாரசீகத் துறவி என்கிறது. மற்றொரு பழங்குறிப்பு தென்னிந்திய அரச குலத்தவர் என்கிறது. ஷாலின் மடத்துப் போர்க்கலையை அவரோடு இணைக்கும் நூலோ 1624ஆம் ஆண்டளவில் எழுந்தது. அவர் காலத்துக்கு ஓராயிரம் ஆண்டு பிந்தியது. அதன் முன்னுரைகள் நம்பத் தகாதவை என்று சீன ஆராய்ச்சியாளர் டாங் ஹாவ் 1930களிலேயே எடுத்துக் காட்டினார். பிறர் உழைத்து வளர்த்த கலையை நம் பெயரில் எழுதிக் கொள்வது பெருமை ஆகாது. அயலார் கலையை அயலார் கலையென்றே அறிந்து போற்றுவதுதான் யாதும் ஊரென்ற மரபினர்க்கு அழகு.

பெற வேண்டியது உரிமை அன்று, பாடம். அப்பாடத்தைத் தெளிவாகக் கூறும் படம் 1978இல் லாவ் கார்-லியுங் இயக்கிய ‘ஷாலினின் முப்பத்தாறாம் கூடம்’. இயக்குநரின் தந்தை, புகழ்பெற்ற ஆசான் வோங் ஃபே-ஹுங்கின் மாணவரிடம் பயின்றவர். எனவே கலை அவர் வீட்டுச் சொத்து. கதைத் தலைவனாக நடித்தவர் கார்டன் லியூ. கொடுங்கோலர்க்குத் தப்பி மடத்தில் அடைக்கலம் புகும் மாணவன், எடுத்த எடுப்பில் மிக உயர்ந்த கூடத்தில் நுழைந்து, நிற்கவும் மாட்டாது வீழ்கிறான். பின்னர் முதற்கூடத்திலிருந்து தொடங்குகிறான். அங்கே சோற்றுக்குப் போகும் வழியில் நீர். நீரில் மிதக்கும் கட்டைகள். அவற்றின்மேல் கால் வைத்துக் கடந்தால்தான் உணவு. அடுத்துக் கைகளை நீட்டியபடி நீர்வாளிகளைச் சுமந்து மேடேற வேண்டும். கை தாழ்ந்தால் புயத்தில் கட்டிய கத்தி விலாவில் பாயும். படத்தின் பெரும்பகுதி இப்பயிற்சியே. 1983இல் வந்த ரஜினிகாந்தின் ‘பாயும் புலி’யில் இதன் சாயலைத் தமிழ் மக்களும் கண்டனர்.

முப்பத்தைந்து கூடங்களையும் வென்றவனை, விரும்பிய கூடத்துக்குத் தலைவனாகுமாறு மடம் அழைக்கிறது. அவன் கேட்பதோ இல்லாத ஒரு கூடத்தை. மடத்துக்கு வெளியே உள்ள எளிய மக்களுக்குக் கற்பிக்க முப்பத்தாறாம் கூடம் ஒன்று வேண்டும் என்கிறான். அதைக் கேட்டதே குற்றமென்று வெளியேற்றப்படுகிறான். வெளியேறியதனாலேயே அக்கூடத்தை நிறுவுகிறான்.

அன்பர்களே! நம் சங்கம் எந்தக் கூடம்? நம் பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் பயில்கின்றனர், அது வேண்டியதே. தமிழோ, பேச்சில் நின்று எழுத்தில் தேய்கிறது. ஞாயிறு வகுப்புக்குத் தொடக்கத்தில் திரண்டு வந்த பிள்ளைகள் மாம்பழக் காலம் வருமுன்னே குறைந்து விடுகின்றனர். குறை அவர்களிடத்து இல்லை. ஆண்டு விழா நாளில் மட்டும் தமிழைப் போற்றும் நாம், எடுத்த எடுப்பில் உயர்ந்த கூடத்தில் நுழைந்து வீழ்ந்த மாணவனை ஒத்திருக்கிறோம். நாள்தோறும் பத்து வரி படிப்பதும் ஐந்து வரி எழுதுவதும்தான் நம் நீர்வாளி. ‘அந்தக் கத்தி’ பிள்ளைகளுக்கு வேண்டா, நமக்கு வேண்டும்.

சிலம்பமும் அவ்வாறே. 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பம் இடம்பெற்றது. தடி செய்ய மூங்கிலும், ஆட வெறுந்தரையும் போதும். வகுப்பு முடிந்ததும் அரைமணி நேரம் சிலம்பம் என்றால், பிள்ளைகள் வகுப்புக்கும் வருவர். அண்டை வீட்டுத் தெலுங்குப் பிள்ளைகள் வந்தால் அவர்களுக்கும் தடியைக் கொடுப்போம்; விரும்பினால் எழுத்தையும் கொடுப்போம். கதவை அடைத்துக் காத்த கலை எதுவும் நெடுநாள் வாழ்ந்ததில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளை அனுப்பிவிட்டு வீட்டில் இராமல், பெற்றோரும் உடன் வந்து பலகையில் அமருமாறு வேண்டுகிறோம்.

வாழ்க தமிழ்! வளர்க அண்டை அயலார் அன்பு!