பிளஸ் ஒன்னில் என்ன குரூப்?

(சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டால் நம் லிப்டுக்குள்கூட ஒரே பேச்சுதான்: "என்ன குரூப்புங்க எடுக்கறீங்க?" நான் வாத்தியார் இல்லை. பி.காம். படித்து, பேங்கில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவன். அதனால் காமர்ஸ் பக்கம் கொஞ்சம் கூடுதலாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் 1978-ல் பிளஸ் டூ வந்தது. அன்றிலிருந்து வீடுகளில் ஒரே கணக்குதான். மார்க் அதிகமா, சயின்ஸ், குறைவா, காமர்ஸ். பிள்ளைக்கு எது பிடிக்கும் என்ற கேள்வியே அதில் வருவதில்லை.

இன்ஜினியரிங் கட்-ஆப் மொத்தம் 200. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. பயாலஜி மார்க்கோ கம்ப்யூட்டர் சயின்ஸ் மார்க்கோ அதில் சேராது. கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்கப் பள்ளியிலேயே கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. டாக்டருக்கு நீட். அதில் இயற்பியல், வேதியியல், உயிரியல்தான், கணிதம் கிடையாது. "எதுக்கும் இருக்கட்டும்" என்று இரண்டையும் சேர்த்து மேத்ஸ்-பயாலஜியில் போடுகிறோம். தாங்குகிற பிள்ளைக்குச் சரி. பிசிக்ஸ் என்றாலே வயிற்றைக் கலக்கும் பிள்ளைக்கு அது இரண்டு வருட தண்டனை.

ஒன்றை மறைக்கக் கூடாது. சயின்ஸ் படித்தவர் பிறகு பி.காம். சேரலாம். காமர்ஸ் படித்தவர் இன்ஜினியரிங், மருத்துவம் பக்கம் போக முடியாது. இதைச் சேர்க்கும் முன்பே பிள்ளையிடம் உட்கார்ந்து சொல்லிவிடுங்கள்.

சி.ஏ. படிக்க எந்த குரூப் என்றாலும் சரி. பிளஸ் டூ முடித்து எழுதும் ஃபவுண்டேஷன் தேர்வில் நான்கு தாள்கள். அதில் ஒன்றில் வணிகக் கணிதமும் புள்ளியியலும் வரும். அதனால் காமர்ஸ் குரூப்பில் நான்காவது பாடமாக வணிகக் கணிதம் உண்டா என்று பள்ளியில் கேளுங்கள். பல பேர் கேட்பதே இல்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். பால்கனியில் நின்று காதர்பேட்டைக் கடைகளைப் பாருங்கள். நூல் கடனுக்கு வருகிறது. நிட்டிங், சாயம், தையல் என ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜாப் ஒர்க் பில். 2017 ஜூலையிலிருந்து ஜிஎஸ்டி வேறு. எக்ஸ்போர்ட் என்றால் எல்.சி. இன்வாய்ஸில் சரக்கின் விவரம் எல்.சி.யில் உள்ளதோடு பொருந்தாமல் போனாலே பணம் நின்றுவிடும். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, கம்பெனி ஓனர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதை வருடக்கணக்கில் பார்த்தவன் நான். இப்படிப்பட்ட ஊரில் கணக்குப் படிப்பை "மார்க் வராதவங்க படிப்பு" என்கிறோம்! "நம்ம கடைதான் இருக்கே, படிச்சு என்ன?" என்பவர்களுக்கும் இதேதான் பதில். கடை இருக்கிறது, சரி. அதன் பேலன்ஸ் ஷீட்டைப் படிக்க வீட்டில் யார் இருக்கிறார்கள்?

பி.காம். படிக்க வெளியூர் போக வேண்டியதில்லை. சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரியும், பெண்களுக்கு எல்.ஆர்.ஜி. கல்லூரியும் இங்கேயே இருக்கின்றன. டிசைன் பக்கம் ஆசை உள்ள பிள்ளைகளுக்கு நிஃப்ட்-டீ கல்லூரியும் உண்டு.

சேர்ந்தபின் பாடம் ஒத்துவரவில்லை என்றால் முதல் சில வாரங்களிலேயே பள்ளியில் பேசிவிடுங்கள். காலாண்டுத் தேர்வு வரை போனால் மாற்றுவது கஷ்டம்.

மாலை 6 மணிக்குமேல் நான் வீட்டில்தான் இருப்பேன். மார்க் ஷீட்டோடு வாருங்கள், பிள்ளையையும் கூட்டி வாருங்கள். அப்பா மட்டும் தனியாக வந்தால் டீ மட்டும்தான் கிடைக்கும்.