கணக்கச்சமும் கற்பிப்போர் துணையும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து, மேல்நிலை வகுப்பில் பாடப்பிரிவைத் தெரிவு செய்யும் வேளையில், “கணக்கு இல்லாத பிரிவு எதுவோ அதுவே போதும்” என்று கூறும் பிள்ளைகள் இல்லாத ஊரே இல்லை. அவர்கள் அறிவிற் குறைந்தவர் அல்லர். செய்யுளை இருமுறை கேட்டு ஒப்பிப்பவரும், கடையில் மீதிச் சில்லறையைப் பிழையின்றி எண்ணி வாங்குபவரும் அவர்களுள் உண்டு. ஆயினும் கணக்கு வினாத்தாளைக் கண்டதும் கை நடுங்குகிறது. பதினைந்து வயதில் அச்சத்தால் எடுக்கும் அந்த ஒரு முடிவு, பொறியியல் முதலான பல துறைகளின் வாயிலை அடைத்துவிடுகிறது.

இவ்வச்சம் சோம்பலன்று; நடிப்புமன்று. மனம் ஒரே வேளையில் ஏந்தி வைத்துக்கொள்ளக்கூடியது சிறிதே. கை மாற்றிய எண், அடுத்துச் செய்ய வேண்டிய படி ஆகியவை தங்க வேண்டிய அவ்விடத்தை அச்சம் கவர்ந்துகொள்கிறது என்பதை ஆஷ்கிராஃப்ட், கிர்க் என்னும் அமெரிக்க உளவியலார் இருவர் 2001இல் ஆய்ந்து காட்டினர். தெரிந்த கணக்கும் தேர்வறையில் மறந்துபோவதன் காரணம் இதுவே. ஆதலின், “பயப்படாதே, தைரியமாய் எழுது” என்னும் அறிவுரையால் விளையும் பயன் சிறிதே.

அச்சம் எங்கிருந்து வருகிறது? சியான் பெய்லாக் என்பாரும் அவர்தம் குழுவினரும் அமெரிக்காவில் முதல் இரு வகுப்புகளுக்குக் கற்பித்த 17 ஆசிரியைகளையும் அவர்தம் மாணவரையும் ஓராண்டு நோக்கி, 2010இல் முடிவை வெளியிட்டனர். ஆசிரியையின் கணக்கச்சத்திற்கும் மாணவியரின் கணக்குத் திறனுக்கும் ஆண்டின் தொடக்கத்தில் தொடர்பு காணப்படவில்லை. ஆண்டின் முடிவிலோ, அச்சம் மிகுந்த ஆசிரியையிடம் பயின்ற சிறுமியருள், “கணக்கு ஆண்பிள்ளைகளுக்கே உரியது” என்று எண்ணத் தலைப்பட்டவர்கள் அப்பாடத்தில் பின்தங்கியிருந்தனர். சிறுவரிடம் இவ்விளைவு காணப்படவில்லை. இல்லத்தாரும் இதற்கு விலக்கல்லர். கணக்கச்சமுடைய பெற்றோர் வீட்டுப்பாடத்தில் அடிக்கடி துணைபுரிந்தபோது பிள்ளைகள் குறைவாகவே கற்றனர் என்று 2015இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு கூறுகிறது. “எனக்கும் கணக்கு வராது, அதுதான் பிள்ளைக்கும் வந்திருக்கிறது” என்று சிரித்துக்கொண்டே சொல்லும் தாய்மார் இதனைச் சற்றே எண்ணிப்பார்த்தல் நலம்.

இஃது ஆசிரியரைக் குறைகூறும் பேச்சன்று. விதியை மட்டும் பெற்று, அதன் காரணத்தைப் பெறாதவர் வேறு எதனைக் கொடுக்க இயலும்? லிப்பிங் மா என்னும் கல்வியாளர் 1999இல் வெளியிட்ட நூல் இதற்குச் சான்று. 1¾ஐ ½ஆல் வகுக்குமாறும், அதற்குப் பொருந்தும் ஒரு கதைக்கணக்கை அமைக்குமாறும் தொடக்கப்பள்ளி ஆசிரியரிடம் கேட்கப்பட்டது. அமெரிக்க ஆசிரியர் 23 பேருள் முழுமையான சரியான விடையை அடைந்தோர் 9 பேர். பொருளாற் பொருந்திய கதையை அமைத்தவர் ஒருவரே. சீன ஆசிரியர் 72 பேரும் சரியாக வகுத்தனர். 65 பேர் பொருத்தமான கதையைத் தந்தனர். இத்தனைக்கும் அமெரிக்கர் பட்டம் பெற்றவர். சீனரோ ஒன்பதாம் வகுப்புக்குப்பின் இரண்டு மூன்று ஆண்டுப் பயிற்சி மட்டுமே பெற்றவர்.

பிழை எங்கே நேர்ந்தது? பலர், ஒன்றே முக்கால் அப்பத்தை இருவர் பகிர்ந்துகொள்வதாகக் கதை சொன்னார்கள். அது இரண்டால் வகுத்தல், அரையால் வகுத்தலன்று. தமிழிலும் ‘பாதியாக்கு’ என்பதும் ‘பாதியால் வகு’ என்பதும் செவிக்கு அண்மையில் நின்று மயக்கம் தருவனவே. மூன்றாம் வேற்றுமை உருபு ஒன்று விடையையே மாற்றிவிடுகிறது. இலக்கண வகுப்பில் காட்டும் கூர்மையைக் கணக்கு வகுப்பிலும் காட்டினால் பாதித் தொல்லை நீங்கும்.

ஒன்றே முக்கால் லிட்டர் பாலை அரை லிட்டர் அளவையால் அளந்தால் எத்தனை அளவை? மூன்று முறை நிரம்பும். கால் லிட்டர் எஞ்சும். இவ்விடத்தில் பல பிள்ளைகள் “மூன்றே கால்” என்பார்கள். அவ்விடையைச் சிவப்பு மையால் அடித்துவிடும் ஆசிரியர் நல்லதொரு வாய்ப்பை இழக்கிறார். எஞ்சியது கால் லிட்டர் என்று பிள்ளை கண்டது உண்மையே. அந்தக் கால் லிட்டர், அளவையில் பாதி என்பதை மட்டுமே இன்னும் காணவில்லை. “எப்படி வந்தது?” என்று பரிவோடு கேட்டால் பிள்ளை தானே மூன்றரைக்கு வந்துவிடும். பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்கும் விதியின் காரணமும் அங்கேயே இருக்கிறது. ஒரு லிட்டரில் அரை லிட்டர் இரண்டு; ஆகவே ஒன்றே முக்கால் லிட்டரில் அதனை இரண்டால் பெருக்கிய அளவு. வகுக்கும் பின்னம் மூன்றில் இரண்டானால், ஒன்றனுள் அஃது ஒன்றரை முறை, அதாவது இரண்டில் மூன்று முறை அடங்கும். தலைகீழ் என்பது மந்திரமன்று.

இவ்விதி சமணர்க்குப் புதியதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில், இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில், மகாவீராசாரியர் இயற்றிய ‘கணித சார சங்கிரகம்’ இதனைத் தெளிவாக வரையறுக்கிறது. அந்நூலை ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பித்தவர் மு. ரங்காசாரியார், அது சென்னையில் 1912இல் வெளிவந்தது. இசை, நாடகம், சமையல், மருத்துவம், கட்டடக்கலை என அனைத்திற்கும் கணிதம் வேண்டும் என்று அவ்வாசிரியர் போற்றுகிறார். அறுந்து சிதறிய முத்துமாலையையும் யானைக் கூட்டத்தையும் கொண்டு பின்னக் கணக்குகளை அமைக்கிறார். அத்தகைய பேராசானும் ஓரிடத்தில் வழுவினார். சுழியால் வகுத்தாலும் எண் மாறாது என்று எழுதினார். இன்றைய கணிதம் அதனை ஏற்பதில்லை. இச்செய்தியை வகுப்பில் சொல்லலாம். விடை தவறியதால் தலைகுனிந்து நிற்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல துணை எது?

வாய்பாடு ஒப்பித்தலை இக்காலத்தார் சிலர் பழிப்பது பொருந்தாது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மாவையும் காணியையும் முந்திரியையும் மனப்பாடமாகச் சொன்னார்கள். முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு! மனப்பாடம் தீதன்று; ஒப்பிக்கத் தவறியவனைப் பலர் முன் நாணச் செய்வதே தீது. நொடியை எண்ணிக்கொண்டு விடை கேட்பதும் அவ்வகையினதே.

ஆசிரியர்க்கு எவ்வாறு துணைபுரிவது? ஒருநாள் சொற்பொழிவு கேட்டு, நண்பகலுணவு உண்டு, சான்றிதழ் பெற்றுத் திரும்பும் பயிற்சிகளால் வகுப்பறை பெரிதும் மாறுவதில்லை. சப்பானில் ஆசிரியர் சிலர் கூடி ஒரே பாடத்தைத் திட்டமிடுகின்றனர். ஒருவர் அதனை நடத்த, மற்றையோர் வகுப்பில் அமர்ந்து மாணவர் எவ்வாறு சிந்திக்கின்றனர் என்பதைக் குறித்துக்கொள்கின்றனர். பின் கூடிப் பேசித் திருத்துகின்றனர். சீனத்திலும் பள்ளிதோறும் இத்தகைய குழுக்கள் உண்டு. ஒருவர் அறியாததை மற்றவர் முன் அச்சமின்றிக் கேட்க அங்கே இடமிருக்கிறது. அந்த இடம் ஆசிரியர்க்கும் வேண்டும்.

தமிழகத்திலும் வழிகாட்டி உண்டு. சென்னை முத்தியால்பேட்டைப் பள்ளியில் கணித ஆசிரியராக விளங்கிய பி.கே. சீனிவாசன் (1924-2005), மாணவரைக் கொண்டே கணிதக் கண்காட்சிகள் நடத்தினார். 1993இல் இராயபுரத்தில் இராமானுசன் பெயரால் அருங்காட்சியகமும் கணிதக் கல்வி மையமும் உருவாக அவரே காரணர்.

விழாதோறும் நூற்றுக்கு நூறு பெற்ற பிள்ளைகட்குப் பரிசளிப்பது நன்மரபே, அது தொடரட்டும். அச்செலவில் ஒரு சிறு பகுதியை முப்பது மதிப்பெண்ணில் நின்றுவிட்ட பிள்ளையின் ஆசிரியர்க்கும் ஒதுக்குதல் தகும். திங்களுக்கு ஒரு விடுமுறைநாள் பிற்பகல், அறக்கட்டளை மண்டபத்தைச் சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்க்குத் திறந்துவிடலாம். எச்சமயத்தார் நடத்தும் பள்ளியாயினும் வரலாம். ஓய்வுபெற்ற கணக்காசிரியர் ஓரிருவர் உடனிருப்பின் போதும். கல்வித்துறையார் எவரும் மதிப்பீட்டுப் படிவத்தோடு வரவேண்டா. முதற்கூட்டத்திற்குரிய பாடம் பின்ன வகுத்தலாகலாம். அதற்கு வேண்டுவன கணிதப் பாடநூல் ஒன்று, அரை லிட்டர் அளவை ஒன்று, வடிகட்டிய நீர் ஒன்றே முக்கால் லிட்டர்.