வாய்க்காலைக் கடக்கும் குழாய்கள்

(கிராமவாசிகளின் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நதிகளின் நீர் இந்நாளில் குழாய்களின் வழியே நெடுந்தூரம் சென்று ஜனங்களின் தாகத்தைத் தீர்க்கிறது. வீராணம் ஏரியின் நீர் 2004-ஆம் வருஷத்தில் சுமார் 235 கிலோமீட்டர் கடந்து சென்னையை அடைந்தது. குடிநீர்க் குழாய்கள் பெரும்பாலும் மண்ணுக்குள் புதைந்திருப்பினும், ஓடைகளையும் வாய்க்கால்களையும் கடக்கும் பல இடங்களில் தூண்களின்மேல் வெளிப்படையாகக் கிடக்கின்றன. அவ்விடங்களில் நேரும் அபாயத்தைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

பாலம் வெகுதூரத்திலும் குழாய் கண்ணெதிரிலும் இருக்குமானால், பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்ட பிள்ளை எதன்மேல் நடப்பான்? குழாயின் மேற்புறம் உருண்டையானது. பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. மழைக்காலத்தில் பாசி பிடித்து வழுக்கும். கீழே ஓடும் நீரின் வேகம் இருமடங்கானால், அது மனிதனைத் தள்ளும் பலம் நான்கு மடங்காகும். கோடையில் முழங்காலளவு நீரில் விழுந்து சிரித்துக்கொண்டே எழுந்த பிள்ளை, ஐப்பசி வெள்ளத்தில் அதே இடத்தில் விழுந்தால் நிற்கமாட்டான். தூண்களில் சிக்கிய கிளைகளோடும் ஆகாயத்தாமரையோடும் நீர் அவனைச் சேர்த்து அழுத்திவிடும்.

மற்றொரு தீங்கும் உண்டு. குழாயின் மேட்டில் காற்று வெளியேறுவதற்காக வால்வு அமைத்திருப்பார்கள். சிலர் குழாயின்மேல் ஏறி அதைத் தளர்த்தி நீர் பிடிக்கிறார்கள். நீரோட்டம் நிற்கும்பொழுது அவ்வழியே அசுத்தம் உள்ளே இழுக்கப்படக்கூடும். அதன் பலனைக் கடைசி ஊர்க் குழந்தைகள் அனுபவிக்க நேரும்.

இதற்குப் பரிகாரம் என்ன? குழாயின் இரு முனைகளிலும் விசிறிபோல் விரிந்த கூரிய கம்பித் தடுப்பு வேண்டும். எழுத்தறியாதவர்க்கும் விளங்கும்படி சித்திரம் வரைந்த எச்சரிக்கைப் பலகை வேண்டும். ஆயினும் ஒன்றை மறைக்காமல் சொல்லுகிறேன். பலகை யாரையும் அக்கரை சேர்க்காது. தடுப்பை மட்டும் வைத்தால், அவசரமுள்ளவன் அதைச் சுற்றி ஏறுவான்; அபாயம் முன்னிலும் அதிகமாகும். ஜனங்கள் நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதை குழாயண்டை முடியுமானால், அங்கே நடைபாலம் அவசியம் என்பதற்கு அப்பாதையே சாட்சி.

குழாய் ஓர் இலாகாவையும், கரை வேறோர் இலாகாவையும், பாதை பஞ்சாயத்தையும் சேர்ந்திருக்கலாம். ஆகையால் ஒருவரை ஒருவர் எதிர்பார்த்துக் காலம் கழிந்துவிடும். அக்டோபர் 2-ஆம் தேதி கூடும் கிராம சபையில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, தடுப்புக்கும் நடைபாலத்துக்கும் சேர்த்துத் தீர்மானம் செய்து எல்லோருக்கும் அனுப்புங்கள்.

பாலம் வரும்வரையில், வெள்ளக்காலத்தில் பெரியோர் ஒருவர் காலையும் மாலையும் பிள்ளைகளைப் பாலத்தின் வழியே அழைத்துச் செல்லட்டும். அருகிலுள்ள வீட்டில் நீண்ட கயிறு ஒன்று எப்போதும் இருக்கட்டும். யாரேனும் விழுந்தால், பின்னால் குதிக்காதீர்கள். கயிற்றையோ மூங்கிலையோ நீட்டுங்கள், மூடிய காலிக் குடத்தை எறியுங்கள், உடனே 112-க்குத் தெரிவியுங்கள்.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் குழாயின்மேல் நடப்பதைப் பார்த்தே பிள்ளைகள் கற்கிறார்கள். முதலில் நாம் இறங்குவோம்.